சேர்ந்து அசைந்தவருக்குக் குழந்தை ஏன் உதவுகிறது?

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் லாரா சிரெல்லியும் லாரல் ட்ரெய்னரும் அவர்கள் குழுவினரும் 14 மாதக் குழந்தைகள் 48 பேரிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். முடிவுகள் 2014இல் வெளிவந்தன. பாட்டு ஒலிக்கும்போது உதவியாளர் ஒருவர் குழந்தையை ஏந்தித் தாளத்துக்கு மெல்லக் குலுக்குவார். எதிரே நிற்கும் ஆராய்ச்சியாளரும் அசைவார். சில குழந்தைகளுக்கு அவர் அசைவு ஒத்துப்போகும், மற்றவர்களுக்குத் தாளம் தப்பியிருக்கும். அப்புறம் அந்த ஆராய்ச்சியாளர் கையிலிருக்கும் பொருளைத் தெரியாமல் நழுவவிட்டதுபோலக் கீழே போட்டுவிட்டு, எட்டவில்லை என்று தவிப்பார். தாளம் ஒத்து அசைந்த குழந்தைகள்தான் அதிகமாக எடுத்துக் கொடுத்தார்கள். பேச்சு இன்னும் சரியாக வராத வயது அது!

தாளத்தைக் காது மட்டும் கேட்பதில்லை. நாம் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும், உடல் அசைவைத் திட்டமிடும் மூளைப் பகுதிகளும், மூளையின் ஆழத்தில் இருந்து அசைவைச் சீர்படுத்தும் பேசல் கேங்லியாவும் சுறுசுறுப்பாகின்றன. அடுத்த அடி எப்போது விழும் என்று மூளை முன்கூட்டியே கணக்குப் போடுகிறது. தாளத்துக்கு விரலால் தட்டச் சொன்னால் பலரும் அடி விழுவதற்குச் சில பத்து மில்லி விநாடிகள் முன்பே தட்டிவிடுகிறார்கள். சத்தம் கேட்டபிறகு தட்டுவதென்றால் கட்டாயம் பிந்திவிடும். ஆகவே ஒரே பாட்டுக்கு ஆடும் இருவருக்கு, மற்றவர் எப்போது அசைவார் என்பது முன்னமே தெரிந்திருக்கிறது.

சரி, இருவரும் ஒரே மாதிரி அசைந்ததால்தான் இந்த நெருக்கமா? குழந்தைகளிடம் நடந்த அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். குழந்தை மேலே போகும்போது ஆராய்ச்சியாளர் கீழே இறங்கும்படி அசைவை நேரெதிராக மாற்றிப் பார்த்தார்கள். அப்போதும் குழந்தைகள் உதவினார்கள். அச்சு அசலாக ஒரே அசைவு தேவையில்லை, என் அசைவோடு உன் அசைவு தொடர்புடையதாக இருந்தால் போதும். கோலாட்டம் ஆடியவர்களுக்கு இது புதிதல்ல. எதிரில் இருப்பவர் கோலை நீட்டும் அதே நொடியில் நம் கோல் அங்கே இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

வளர்ந்த பிள்ளைகளிடம் வலி தாங்கும் திறனும் சேர்ந்து கூடுகிறது. பிரேசிலில் பள்ளி மாணவர்களிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், ஒத்திசைந்து ஆடியவர்கள் இரத்த அழுத்தப் பட்டையின் இறுக்கத்தை அதிகம் தாங்கினார்கள், குழுவோடு நெருக்கமாகவும் உணர்ந்தார்கள். வலியைத் தணிக்கும் எண்டார்ஃபின் என்ற வேதிப்பொருள் மூளையில் சுரப்பதே காரணம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. வலியை வைத்து மறைமுகமாக ஊகித்தது என்பதால் இதை முடிந்த முடிவாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இந்த அன்புக்கு எல்லையும் உண்டு. சிரெல்லியின் அடுத்தடுத்த சோதனைகளில், தன்னோடு அசைந்தவரின் தோழிக்கும் குழந்தைகள் கூடுதலாக உதவினார்கள். சம்பந்தமில்லாமல் அங்கே இருந்த இன்னொருவருக்கு அந்தக் கூடுதல் உதவி கிடைக்கவில்லை.