நிமிர்த்துவதற்கு முன் விரிசலைத் தேடுங்கள்

சென்ற ஐப்பசியில், மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த ஒரு காலையில், வங்கியில் பணிபுரியும் ஒருவர் எங்கள் பட்டறைக்குக் காரைக் கொண்டுவந்தார். "80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் ஸ்டீயரிங் நடுங்குகிறது சார். வேறு கடையில் இரண்டு முறை பேலன்சிங் செய்தாயிற்று. சரியாகவில்லை" என்றார். சென்னை ஜி.எஸ்.டி. சாலையில் வீல் அலைன்மென்ட் பட்டறை நடத்தும் எனக்கு மழைக்காலம் முழுவதும் காதில் விழும் புகார் இது. தண்ணீர் நிறைந்த பள்ளமும் வெறும் ஈரச் சாலையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். சக்கரம் இறங்கிய பிறகே ஆழம் புரியும்.

இடது முன்சக்கரத்தைக் கழற்றினேன். உட்புறத்தில் எடை வில்லைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. எண்ணிப் பார்த்தால் 110 கிராம். இவ்வளவு எடை கேட்கும் சக்கரத்தைக் கண்டதுமே சந்தேகப்பட வேண்டும். டயரைப் பிரித்து, வெறும் ரிம்மைச் சுழலவிட்டு, கோணலை முள்ளால் அளந்து காட்டும் டயல் கேஜின் முனையை விளிம்பில் வைத்தேன். முள் 2.4 மில்லிமீட்டர் ஏறி இறங்கியது. பெரும்பாலான கார்களுக்கு ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினாலே நான் ரிம்மைத் திருப்பி மாட்டுவதில்லை.

பேலன்சிங் என்பது எடையைச் சமப்படுத்தும் வேலை. சக்கரம் வட்டமாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி. சைக்கிள் கடையில் கோட்டம் எடுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வில்லைகளை ஒட்டி இயந்திரத்தின் திரையில் பூஜ்ஜியம் காட்டவைத்துவிடலாம். ஆனால் வட்டம் கெட்ட சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மேட்டில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சாதாரணக் கார் சக்கரம் நொடிக்கு 11 முறைக்கு மேல் சுற்றுகிறது. அத்தனை குலுக்கலையும் பேரிங்கும் சஸ்பென்ஷனும் உங்கள் கைகளும் வாங்கிக்கொள்கின்றன. முன்சக்கரம் வளைந்திருந்தால் நடுக்கம் ஸ்டீயரிங்கில் தெரியும். பின்சக்கரம் என்றால் இருக்கையில் தெரியும்.

அடுத்துச் செய்ததுதான் முக்கியம். உள்விளிம்பைத் தின்னர் போட்டுச் சுத்தமாகத் துடைத்து, சிவப்புச் சாயத்தைத் தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டேன். பிறகு சாயம் முழுவதையும் துணியால் துடைத்தெடுத்து, அதன்மேல் வெள்ளை டெவலப்பரைத் தெளித்தேன். வெல்டிங் தொழிலில் இருப்பவர்கள் இதை டி.பி. (டை பெனட்ரன்ட்) டெஸ்ட் என்பார்கள்; விரிசலுக்குள் ஊறிய சாயத்தை வெள்ளைப் பூச்சு வெளியே இழுத்துக் காட்டும். வெள்ளைப் பூச்சு காயக் காய, விளிம்பிலிருந்து உள்நோக்கி ஒரு அங்குல நீளத்தில் தலைமுடி போன்ற சிவப்புக் கோடு மெல்ல எழுந்து வந்தது. வெறும் கண்ணால் பார்த்தபோது அங்கே எதுவும் இல்லை. அவரை அழைத்துக் காட்டினேன். "வெளியில் நிமிர்த்தித் தருகிறார்களே சார்?" என்று கேட்டார். வளைவை நிமிர்த்தலாம், விரிசலை நிமிர்த்த முடியாது என்று சொன்னேன்.

இரும்பு ரிம்மும் அலாய் ரிம்மும் அடியை வாங்கும் விதம் வேறு. இரும்பு நசுங்கும்; சுத்தியலால் தட்டி ஓரளவு சரிசெய்யலாம். கார்களில் வரும் பெரும்பாலான அலாய் வீல்கள் ஏ356 என்னும் வார்ப்பு அலுமினியக் கலவை. அதில் ஏறக்குறைய 7 சதவீதம் சிலிக்கன், சிறிதளவு மெக்னீசியம். வார்த்ததோடு வேலை முடிவதில்லை. 540 டிகிரி செல்சியஸ் அளவில் பல மணி நேரம் சூடாக்கி, நீரில் அமிழ்த்திக் குளிர்வித்து, பிறகு 150 டிகிரிக்குச் சற்று மேல் மீண்டும் வைத்துப் பதப்படுத்துகிறார்கள். ரிம்மின் வலு அந்தப் பதத்தில்தான் இருக்கிறது. கொஞ்சம் வளையும், அதற்கு மேல் போனால் வெடிக்கும். ஆரக்கால்கள் தாங்காத உள்விளிம்புதான் பெரும்பாலும் முதலில் வளைகிறது. காருக்கு வெளியே குனிந்து பார்த்துவிட்டு "ரிம் நன்றாகத்தான் இருக்கிறது" என்று முடிவுசெய்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

வளைவுக்கும் விரிசலுக்கும் உள்ள வேறுபாடு தரநிர்ணயச் சோதனையிலும் உண்டு. அலாய் வீல்களுக்கான ஐ.எஸ்.ஓ. 7141 மோதல் சோதனையில், டயர் பொருத்திய சக்கரத்தை 13 டிகிரி சாய்த்து வைத்து, 230 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து பெரும் எடையை விளிம்பின்மேல் போடுகிறார்கள். ரிம் வளைந்தால் அது தோல்வி ஆகாது. நடுப்பகுதி பிளந்தாலோ, ஒரு நிமிடத்துக்குள் காற்று முழுவதும் இறங்கினாலோ தோல்வி. வளைவை மன்னிக்கும் சோதனைகூடப் பிளவை மன்னிப்பதில்லை.

கேஸ் டார்ச்சைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். சில இடங்களில் ரிம்மின் வளைந்த பகுதியை நேரடித் தீயில் காட்டி, இளகியதும் தட்டி நிமிர்த்துகிறார்கள். இரும்பு சூடேறினால் சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் பட்டறை வெளிச்சத்தில் உருகும் வரை நிறம் மாறாது. 200 டிகிரியா, 400 டிகிரியா என்று தீயைப் பிடித்திருப்பவருக்கே தெரியாது. தொழிற்சாலையில் கொடுத்த பதம் அந்த ஒரு இடத்தில் மட்டும் போய்விடுகிறது. ரிம் பார்வைக்கு அழகாக வட்டமாக இருக்கும். அடுத்த பள்ளத்தில் அதே இடம் முதலில் விட்டுக்கொடுக்கும். விரிசலை வெல்டிங் வைத்து அடைப்பதிலும் இதே கேடு உண்டு. ஒட்டின் இருபுறமும் உலோகம் பலவீனப்படுகிறது. அதன்மேல் பட்டி பூசி, வெள்ளி நிறப் பெயின்ட் அடித்துவிட்டால் வாங்குபவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? இந்த வேலையைச் செய்பவர்கள்மீது எனக்குக் கோபம் உண்டு. அந்தக் காரில் குழந்தைகள் ஏறுவார்கள்.

முறையான வேலை மெதுவாக நடக்கும். ரிம்மை இயந்திரத்தில் இறுக்கிப் பிடித்து, ஹைட்ராலிக் அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் டயல் கேஜில் அளந்து நிமிர்த்த வேண்டும். சூடு தேவைப்பட்டாலும் மிதமாக, வெப்பமானியின் கண்காணிப்பில் மட்டுமே. முடிந்ததும் மறுபடியும் சாயச் சோதனை செய்ய வேண்டும், ஏனென்றால் நிமிர்த்தும்போதே விரிசல் விடுவதுண்டு. விளிம்பின் சிறிய வளைவுகளை மட்டுமே நான் எடுத்துக்கொள்கிறேன். ஆரக்காலில் விரிசல், நட்டுத் துளையைச் சுற்றிச் சேதம், நடுப்பகுதியில் கோணல், முன்பே வெல்டிங் செய்த தடம் என்று எதைக் கண்டாலும் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். நிமிர்த்தக் கொடுக்கும்போது டயர் இல்லாமல் ரிம் சுழல்வதையும் அளவையும் காட்டச் சொல்லுங்கள், வேலைக்கு முன்பும் பின்பும். அது உங்கள் உரிமை.

பெரிய ரிம் மோகமும் இதில் சேர்கிறது. 185/65 ஆர்15 என்றால் டயரின் அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம்; அதாவது பக்கச்சுவர் உயரம் 120 மில்லிமீட்டர். அதே காருக்கு அழகுக்காக 17 அங்குல ரிம்மும் 205/45 டயரும் போட்டால் அது 92 மில்லிமீட்டராகக் குறைகிறது. பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே இருந்த மெத்தையில் 28 மில்லிமீட்டர் போய்விட்டது. நம் ஊர் மழைக்கால வீதிகளுக்கு அது பெரிய இழப்பு.

பள்ளத்தில் பலமாக விழுந்துவிட்டால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி டயரின் பக்கச்சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். முட்டைபோல் புடைப்பு இருந்தால் உள்ளே நூலிழைகள் அறுந்திருக்கின்றன. அதற்குப் பழுதுபார்ப்பே கிடையாது, ஸ்டெப்னியை மாட்டுங்கள். புடைப்பு இல்லாவிட்டாலும் ஒரு வாரத்துக்குத் தினமும் காற்றழுத்தம் பாருங்கள். அந்த ஒரு சக்கரத்தில் மட்டும் காற்று குறைந்துகொண்டே வந்தால், பஞ்சர் இல்லை என்று கடைக்காரர் சொன்னாலும் ரிம்மைச் சோதிக்க வேண்டும். பள்ளத்தைத் தவிர்க்கவே முடியாத நிலையில், அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, சக்கரம் இறங்கும் நொடியில் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். பிரேக் அழுத்தியபடி இறங்கினால் காரின் பாரம் முன்பக்கம் சாய்ந்து சஸ்பென்ஷன் ஏற்கெனவே அமுங்கியிருக்கும். அடி முழுவதும் ரிம்முக்குப் போகும்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, டயர் மட்டும் சேதமடைந்தால் வழக்கமான கார் பாலிசி பணம் தராது. அதே விபத்தில் காருக்கும் சேதம் இருந்தால் டயர் மாற்றும் செலவில் 50 சதவீதம் வரை கிடைக்கும். ஆகவே பள்ளத்தையும் காரையும் அந்த இடத்திலேயே படம் எடுத்து வையுங்கள்.

அந்த வங்கி ஊழியர் புதிய ரிம் வாங்கச் சம்மதித்தார். நட்டுத் துளைகளின் இடைவெளி, நடுத்துளையின் அளவு, ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது காரோடு பொருந்தும் முகப்பு தள்ளியிருக்கும் தூரம்) மூன்றும் பழையதோடு பொருந்துகின்றனவா என்று பார்த்தே வாங்கினோம். டயரைப் பொருத்தி, பேலன்சிங்கும் அலைன்மென்ட்டும் செய்து, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் நட்டுகளைக் குறுக்காக இறுக்கினேன். 100 கிலோமீட்டர் ஓடியதும் வந்து மீண்டும் சரிபார்த்துக்கொண்டார். இந்த முறை பேலன்சிங்குக்குத் தேவைப்பட்ட எடை 15 கிராம்.

பழைய ரிம்மை விற்றுக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். அவர் கண்ணெதிரிலேயே அதை ரம்பத்தால் இரண்டாக அறுத்தேன். முழுதாகக் காயலான் கடைக்குப் போனால் பெயின்ட் பூசிக்கொண்டு இன்னொருவர் காரில் ஏறிவிடும். இப்போது அந்தத் துண்டு என் மேசையில் இருக்கிறது. நிமிர்த்தக் கேட்டு வருபவர்களுக்கு அந்தச் சிவப்புக் கோட்டைக் காட்டுகிறேன்.