நியூரானைத் தொடாமலே மூளையைக் கெடுக்கும் எச்.ஐ.வி.

சின்னப் பலகை ஒன்று, அதில் 25 துளைகள். ஒவ்வொரு துளையின் வெட்டும் வேறு வேறு பக்கம் பார்த்திருக்கும். சிறு ஆணி போன்ற முளையை விரலால் திருப்பி, வெட்டுக்குப் பொருத்திச் செருக வேண்டும். எச்.ஐ.வி. மூளையைப் பாதித்திருக்கிறதா என்று அறியச் செய்யும் சோதனைகளில் இதுவும் உண்டு. பாதிப்பு உள்ளவரும் பெரும்பாலும் சரியாகவே செருகிவிடுவார், ஆனால் நேரம் பிடிக்கும்.

இந்த மந்தம்தான் முக்கியமான அறிகுறி. அல்சைமர் என்ற மறதி நோயில் புதிதாகக் கேட்டது மனதில் பதிவதே இல்லை. இங்கே பெரும்பாலும் பதிந்திருக்கும், எடுக்கத்தான் தாமதமாகும். லேசாக அடியெடுத்துக் கொடுத்தால் நினைவு வந்துவிடும். மூளையின் ஆழத்திலுள்ள பகுதிகளும் அவற்றை இணைக்கும் நரம்பிழைகளும் அதிகம் அடிவாங்குவதே காரணம். வீட்டில் இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவார்கள். அது பெரிய அநியாயம்.

வைரஸ் மூளைக்குள் நுழைய வருடக்கணக்கு ஆகாது. தாய்லாந்தில் நடந்த ஆய்வில், தொற்றிய சுமார் 8 நாட்களிலேயே சிலருடைய மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீரில் அது தென்பட்டது. கண்டதையும் உள்ளே விடாத தடுப்பு மூளையின் ரத்தக் குழாய்களுக்கு உண்டு. ஆனால் காவலுக்குச் சுற்றும் வெள்ளை அணுக்களுக்கு அங்கே வழி கிடைக்கும். வைரஸ் அவற்றுக்குள் ஒளிந்துகொண்டு போய்விடுகிறது.

உள்ளே போனதும் நியூரான்கள் என்ற நரம்பு செல்களையா பிடிக்கிறது? இல்லை. மூளையின் துப்புரவும் காவலும் பார்க்கிற மைக்ரோக்ளியா என்ற செல்களில் குடியேறுகிறது. அவை அழற்சிப் பொருட்களைக் கொட்டுகின்றன, கூடவே வைரஸின் புரதங்களும் கசிகின்றன. நியூரான்கள் பேசிக்கொள்ளப் பயன்படும் குளுட்டமேட் அகற்றப்படாமல் தேங்குகிறது. ஓயாமல் தூண்டப்பட்ட நியூரானுக்குள் கால்சியம் வெள்ளமாகப் பாய, அதன் கிளைகள் கருகிச் சுருங்குகின்றன. மேலும் முற்றினால் நியூரானே சாகிறது.

1996-க்குப் பிறகு எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துகள் பரவியதும், டிமென்ஷியா எனும் கடுமையான அறிவுத்திறன் இழப்பு வெகுவாகக் குறைந்தது. லேசான மந்தமும் மறதியும் மட்டும் சிலரிடம் நீடிக்கின்றன. மைக்ரோக்ளியா நீண்ட காலம் வாழும் செல், அதில் பதுங்கிய வைரஸை மருந்தால் முழுதாக அகற்ற முடிவதில்லை. தாமதமாகச் சிகிச்சைக்கு வந்தவர்களிடம் பழைய சேதமும் இருக்கும். அப்புறம், மறதியால் மாத்திரை தவறினால் வைரஸ் மறுபடி பெருகும், அது மறதியை இன்னும் கூட்டும். அதனால்தான் கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டியை, முக்கியமாக வியாழனுக்கான அறை வெள்ளியன்றும் நிரம்பியே இருக்கிறதா என்பதை, வீட்டில் ஒருவர் பார்க்க வேண்டும்.

செத்த நியூரான் திரும்பாது. சுருங்கிய கிளைகளுக்கு மீள வாய்ப்புண்டு. 1980-களின் கடைசியில் ஏஇசட்டி என்ற ஒற்றை மருந்தைக் கொடுத்தபோதே, பலர் மூளைத்திறன் சோதனைகளில் முன்பைவிட நன்றாகச் செய்தார்கள்.