தீ எட்டாத மாடிக்கும் புகை எட்டும்

பெங்களூரில் தீப்பாதுகாப்பு ஆய்வுக்காக அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் போனால், அசோசியேஷன்காரர்கள் முதலில் காட்டுவது சிவப்புத் தீயணைப்பான்களைத்தான். நான் முதலில் கேட்பது எலெக்ட்ரிகல் ஷாஃப்டின் சாவியை. மின்கம்பிகள் மாடிக்கு மாடி ஏறிப்போகும் அந்தக் குறுகிய அறையில், ஒவ்வொரு தளத்திலும் கம்பி நுழையும் ஓட்டையைத் தீ தாங்கும் பூச்சால் அடைத்திருக்க வேண்டும். கட்டியபோது அடைத்திருப்பார்கள். அப்புறம் இன்டர்நெட்காரர் வந்து புதிதாக ஓர் ஓட்டை போடுவார், அதை யாரும் அடைப்பதில்லை.

பழைய விமான நிலையச் சாலையின் கார்ல்டன் டவர்ஸ் கட்டடத்தை இந்த ஊரில் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். 2010 பிப்ரவரி 23 அன்று அங்கே 9 பேர் இறந்தார்கள். மின்கம்பி ஷாஃப்டில் பற்றிய தீயின் புகை மேல்தளங்களை நிரப்பியது. மூச்சுவிட முடியாமல் ஜன்னல் வழியே குதித்தவர்களும் இறந்தவர்களில் உண்டு.

சூடான புகை லேசானது. அடைக்காத ஷாஃப்ட் அதற்குப் புகைபோக்கி ஆகிவிடுகிறது. 10 மாடி என்றால் சுமார் 30 மீட்டர். புகை நொடிக்கு 3 மீட்டர் ஏறினால் உச்சிக்குப் போக 10 நொடி போதும். கீழே மீட்டர் அறையில் பற்றியது மேலே இருப்பவருக்குத் தெரிவதற்கு முன்பே அவர் வீட்டு வாசலில் புகை நிற்கும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு மணமும் கிடையாது.

ஜப்பானிய ஆய்வாளர் ததாஹிசா ஜின், புகை நிரம்பிய நடைவழியில் மனிதர்களை நடக்கவைத்துப் பார்த்தார். தெளிந்த காற்றில் நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் நடக்கும் நாம், கண் எரியும் அடர்புகையில் கும்மிருட்டில் தடவி நடப்பதுபோல 0.3 மீட்டருக்கு இறங்கிவிடுகிறோம். கட்டடம் பழகியவருக்குத் தப்பிக்க 4 மீட்டர் தூரம் வரை கண்ணுக்குத் தெரிந்தால் போதும், பழகாதவருக்கு 13 மீட்டராவது தெரிய வேண்டும் என்பது அவர் கண்டது. இதைப் படிக்கும்போதெல்லாம், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்து மாதக்கணக்கில் தங்கும் அம்மா, அத்தைமார்தான் என் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களுக்குத் தெரிந்தது லிஃப்ட் மட்டும். முடிந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே அவர்களைக் கூட்டிக்கொண்டு படிக்கட்டில் ஒருமுறை மெதுவாக இறங்கிவாருங்கள்.

அலாரம் அடித்ததும் மக்கள் உடனே கிளம்புவதில்லை என்பதும் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டும் உண்மை. ‘நிஜமா, டிரில்லா?’ என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்பார்கள், செருப்பைத் தேடுவார்கள். புகை அதற்குள் நடைவழிக்கு வந்துவிடும்.

அல்சூரில் ஒரு குடியிருப்பில் மொட்டைமாடிக் கதவில் பெரிய பூட்டு தொங்கியது. “திருட்டுப் பயம் சார், சாவி செக்யூரிட்டிகிட்ட பத்திரமா இருக்கு” என்றார் செயலாளர், நம் ஊர்ப் பெரியவர். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் படிக்கட்டில் ஏறும் புகை அந்தப் பூட்டிய கதவடியில்தான் முதலில் தேங்கும். இறங்க வழியில்லாமல் மேலே ஓடிவருபவர் அதற்குள்தான் மாட்டிக்கொள்வார். வெளியிலிருந்து திறக்காத, உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் பேனிக் பார் போட்டால் திருடனும் வரமுடியாது. பெரியவர் கேட்டுக்கொண்டார்.

காற்று வரட்டும் என்று தீயையும் புகையையும் தடுக்கும் படிக்கட்டுக் கதவான ஃபயர் டோரைச் செங்கல் வைத்துத் திறந்துவிடும் பழக்கம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. உயரமான கட்டடங்களில் படிக்கட்டுக்குள் விசிறியால் சுத்தமான காற்றை அழுத்தி வைப்பார்கள், புகை உள்ளே வராமலிருக்க. கதவுகள் திறந்தே கிடந்தால் அந்த அழுத்தம் நிற்காது, விசிறி ஓடியும் பயனில்லை.

புகை தெரிந்தால் லிஃப்டைத் தொடாமல், படிக்கட்டில் கீழ்நோக்கி இறங்குங்கள். வெளியே வரும் முன் புறங்கையால் கதவைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தாலோ நடைவழி புகையால் மறைந்திருந்தாலோ உள்ளேயே இருப்பதுதான் நல்லது. கதவடி இடுக்கில் ஈரத்துணியைத் திணித்துவிட்டு, புகை இல்லாத ஜன்னல் அல்லது பால்கனிப் பக்கம் போய் 101 அல்லது 112-க்கு அழையுங்கள். எந்த பிளாக், எத்தனையாவது மாடி, பால்கனி எந்தப் பக்கம், உள்ளே எத்தனை பேர் என்பதையெல்லாம் அவர்களிடம் சொல்லுங்கள்.