ஹோவ்மெஸ்தர்சோஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

ஸ்வீடனில் கிராவ்லாக்ஸ் பரிமாறினால் அதனுடன் ஹோவ்மெஸ்தர்சோஸ் வராமல் இருப்பது அரிது. உப்பு, சர்க்கரை, சதகுப்பை இலை சேர்த்து இரண்டு நாள் குளிரில் ஊறிய பச்சை சால்மனை மெல்லிசாக அரிந்து, விருந்தின் முதல் தட்டாக வைப்பது கிராவ்லாக்ஸ். அதற்குத் தொட்டுக்கொள்ளும் இனிப்புக் கடுகு சாஸ்தான் இது. கிராவ்லாக்ஸ்சோஸ் என்றும் சொல்வார்கள்.

‘ஹோவ்’ என்றால் அரசவை, ‘மெஸ்தரே’ தலைவர். ‘ஹோவ்மெஸ்தரே’ முன்பு அரண்மனை விருந்து, நிர்வாகம் பார்த்த அலுவலருக்கு இருந்த பட்டம். இப்போது உணவகத்தில் பரிமாறுவோரின் தலைவருக்கு. மீனின் பெயரில் இந்தப் பகட்டு இல்லை: ‘கிராவ்’ குழி, ‘லாக்ஸ்’ சால்மன். உப்பிட்ட மீனைக் குழியில் புதைத்துப் புளிக்கவிட்ட இடைக்கால வழக்கத்திலிருந்து வந்த பெயர். இன்று புதைப்பதும் இல்லை, புளிக்கவிடுவதும் இல்லை. ‘சோஸ்’ என்பது சாஸ்தான்; பிரெஞ்சு வழி வந்த லத்தீன் சொல். ‘உப்பிட்டது’ என்பதே மூலப்பொருள்.

தமிழில் ‘கடுகுக் குழம்பு’ என்று எழுதுவது தவறு. இது அடுப்பேறாதது, சோற்றில் ஊற்றுவதும் அல்ல. ‘தலைமைப் பரிமாறுநர் சாஸ்’ என்றால் யாருக்கும் எதுவும் விளங்காது. தொட்டுக்கொள்வதற்கு நம்மிடம் ‘தொடுகறி’ என்ற பழைய சொல் இருக்கிறது. ‘கடுகு சதகுப்பைத் தொடுகறி’ என்பதே பொருத்தம். சதகுப்பை என்றதும் நாட்டுமருந்துக் கடை விதையை வாங்கிவிட வேண்டாம். வேண்டியது பச்சை இலை. மீன் விஷயத்திலும் கவனம் தேவை: சந்தையில் ‘இந்தியன் சால்மன்’ என்று விற்கும் காலா மீன் வேறு இனம்.

ஆறு பேருக்கு: இனிப்பான ஸ்வீடன் கடுகு விழுது 2 மேசைக்கரண்டி, டிஜோன் கடுகு (காரமான பிரெஞ்சுக் கடுகு விழுது) 1, சர்க்கரை 2, வெள்ளை வினிகர் 1, வாசனையில்லாத எண்ணெய் 150 மி.லி., நறுக்கிய சதகுப்பை இலை அரை கப், உப்பு, வெள்ளை மிளகுத்தூள். ஸ்வீடன் கடுகு கிடைக்காவிட்டால் டிஜோனை 3 கரண்டியாக்கி, சர்க்கரையையும் ஒரு கரண்டி கூட்டலாம். வீட்டில் அப்போதே அரைத்த கடுகு வேண்டாம், கசக்கும்.

கடுகு, சர்க்கரை, வினிகர், உப்பு நான்கையும் சர்க்கரை முழுதும் கரையும்வரை அடிக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் நாக்கில் நறநறக்கும். பிறகு எண்ணெய். முதல் இரண்டு கரண்டி சொட்டுச் சொட்டாக, விழுது கெட்டிப்பட்ட பின் மெல்லிய தாரையாக. கடுகுத் தோலின் வழவழப்புப் பொருள் எண்ணெய்த் துளிகளை ஒன்றோடொன்று சேரவிடாமல் பிடித்துவைப்பதால்தான் முட்டையே இல்லாமல் பால்மம் உருவாகிறது. எண்ணெயை மொத்தமாகக் கொட்டினால் அந்தப் பிடி போதாது; தொடுகறி திரிந்து எண்ணெய் தனியே நிற்கும். அப்படியானால் தூக்கி எறிய வேண்டியதில்லை. வேறு கிண்ணத்தில் ஒரு கரண்டி கடுகு எடுத்து, திரிந்ததைத் துளித்துளியாக அதில் விட்டு அடித்தால் மீண்டும் கூடிவரும்.

எண்ணெய்த் தேர்வில் பலர் சறுக்குகிறார்கள். ஸ்வீடனில் கனோலா வகை எண்ணெய். சூரியகாந்தியும் சரியாக வரும். நல்லெண்ணெய் மீனின் மணத்தை அமுக்கிவிடும். எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெயை மிக்ஸியில் வேகமாக அடித்தால் கசப்பு ஏறும்.

இலையைத் தண்டு நீக்கி, ஈரம் துடைத்து, பரிமாற அரை மணி நேரம் இருக்கும்போது கலப்பதே நல்லது. முந்தின நாளே கலந்தால் வினிகரின் புளிப்பில் பச்சை நிறம் பழுப்பாகிவிடும். இலை சேர்க்காத விழுதைக் குளிர்பதனப் பெட்டியில் சில நாள் வைத்திருக்கலாம். கெட்டியாகிவிட்டால் ஒரு தேக்கரண்டி வெந்நீர் விட்டு இளக்கலாம். மீனின் மேல் ஊற்றாமல் பக்கத்தில் வைக்க வேண்டும். உப்பூறிய மெல்லிய வில்லைக்கு ஒரு தேக்கரண்டியே தாராளம்.