துத்தநாகச் சத்து நெல் விதை: அட்டையும் பில்லும் பத்திரம்

தீட்டிய சாதாரண அரிசியில் துத்தநாகம் கிலோவுக்கு 12 முதல் 16 மில்லிகிராம் வரைதான் இருக்கும். ஹைதராபாத் இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய டி.ஆர்.ஆர். தன் 45 (DRR Dhan 45) ரகத்தில் அது 22.6, டி.ஆர்.ஆர். தன் 48 ரகத்தில் 24. இரண்டுமே தமிழ்நாட்டுக்கும் பரிந்துரைக்கப்பட்டவை. செறிவூட்டிய அரிசி வேறு. அதில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த மணிகளை 100 கிலோவுக்கு 1 கிலோ கலப்பார்கள். இந்த ரகங்களிலோ பயிரே துத்தநாகத்தை மண்ணிலிருந்து எடுத்து மணியில் சேர்க்கிறது.

நெல்லைப் பார்த்தோ சோற்றைத் தின்றோ துத்தநாகத்தைக் கண்டுபிடிக்க முடியாது. வாங்கிய விதை எந்த ரகம் என்பதற்கு மூட்டையில் தைத்த அட்டையும் கடை பில்லும்தான் சாட்சி. நீல அட்டை என்றால் சான்று விதை, வெள்ளை என்றால் ஆதார விதை. பச்சை அட்டை உண்மைநிலை விதை. அரசுச் சான்று இல்லாமல் விற்பவரே தரத்துக்குப் பொறுப்பேற்பது. அதுவும் சட்டப்படியானதுதான், ஆனாலும் இந்த ரகங்களுக்கு நீல அட்டையையே கேளுங்கள். சான்று நெல் விதைக்குக் குறைந்தது 80 சதவீத முளைப்பும் 98 சதவீதப் புறத்தூய்மையும் (தூசி, பதர், வேறு விதை கலக்காமை) வேண்டும். ஈரப்பதம் 13 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. காலாவதி நாளையும் பாருங்கள். 1983-ம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி இருப்பையும் விலையையும் கடையில் எழுதிவைக்க வேண்டும், பில்லும் தர வேண்டும். தர மறுத்தால் விதை ஆய்வாளரிடம் புகார் செய்யலாம்.

தன் 45-க்கு வயது 125 நாளுக்கு மேல். கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டில் அது இரண்டாம் போகமான கும்பப்பூவுக்கே ஒத்துவரும். முதல் போகமான கன்னிப்பூவில் போட்டால் அறுப்பு தள்ளிப்போய் அடுத்த நடவு இடிபடும். கும்பப்பூவிலும் ஒரு தொல்லை உண்டு. கன்னிப்பூ அறுப்பில் உதிர்ந்த அம்பை 16 என்ற குறுகிய கால ரகத்தின் மணிகள் வயலிலேயே முளைத்து நாற்றோடு கலந்துவிடும். தண்ணீர் வைத்து, முளைக்கவிட்டு, மறுபடி உழுது மடக்கிய பிறகே நடுங்கள். கதிர் வரும்போது உயரத்திலும் கதிரிலும் வேறுபட்ட கலவன்களை வேரோடு பிடுங்குங்கள்.

மண்ணில் துத்தநாகம் இல்லாவிட்டால் மணியிலும் சேராது. மண் பரிசோதனையில் குறைவு என்று வந்தால் ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து, நடவுக்கு முன் தூவுங்கள். சூப்பர் பாஸ்பேட்டோடு கலக்கவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் துத்தநாகம் பயிருக்குக் கிட்டாமல் போகும். நட்டஈடு கேட்கும்போதும் இது முக்கியம். பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், 2001, பிரிவு 39(2)-ன்படி, பதிவு பெற்ற ரகத்தை விற்கும்போது எந்தச் சூழலில் எவ்வளவு பலன் வரும் என்று ரகத்தை உருவாக்கியவர் தெரிவிக்க வேண்டும். அந்தப் பலன் வராவிட்டால் இந்தச் சட்டப்படி டெல்லியில் அமைந்துள்ள ஆணையத்திடம் நட்டஈடு கேட்கலாம். விவசாயிக்குக் கட்டணம் கிடையாது. சொன்ன சூழலை நீங்கள் கடைப்பிடித்தீர்களா என்ற கேள்வி அங்கே கட்டாயம் வரும். மண் பரிசோதனை அட்டையையும் உர பில்லையும் எடுத்துவையுங்கள்.

இன்னொரு வழி, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் சொல்லிவிட்டது. 2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். விதைப்பதற்கு முன் அதே மூட்டையிலிருந்து கொஞ்சம் விதையை, அட்டை எண்ணை எழுதித் தனியே வைத்திருந்தால் வழக்கு வலுக்கும்.

அறுத்த நெல்லிலிருந்து விதை எடுத்துவைக்க, மறுபடி விதைக்க, பக்கத்து வயல்காரரோடு மாற்றிக்கொள்ள, விற்கவும்கூட அதே 39-ம் பிரிவு உரிமை தருகிறது. பதிவு பெற்ற ரகத்தின் பெயரை அச்சடித்த பையில் அடைத்து விற்பதற்கு மட்டும்தான் தடை.

கொள்முதல் நிலையத்தில் துத்தநாகத்துக்கெனத் தனி விலை கிடையாது. அங்கே கொடுத்தால் மற்ற நெல்லோடு கலந்துவிடும். அதனால் முதலில் வீட்டுச் சாப்பாட்டுக்கு, முக்கியமாகப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும், தனியாக அவித்து, தனியாகக் குத்தி வையுங்கள். அரிசியின் துத்தநாகம் உள்பகுதியிலும் உண்டு, ஆனால் தவிட்டோடும் ஒரு பங்கு போகும். மில்லில் அதிகம் தீட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.