கேட்டுச் செய்வதும் பொறுப்பேற்பதும்: பணியிலிருந்தபடி கல்வி மேலாண்மை படிக்க விரும்பும் ஆசிரியர்களுக்கு

பணியில் இருந்துகொண்டே கல்வி மேலாண்மையோ பள்ளித் தலைமைத்துவமோ படிக்க விரும்பும் ஆசிரியர்கள், விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன் இரண்டு நாள்காட்டிகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதுண்டு. இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பருவத் தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கின்றன. நான் படித்த 2017, 2018 ஆண்டுகளில், ஜூன் தேர்வுக்குரிய ஒப்படைப்புகளை (அசைன்மென்ட்) மார்ச் இறுதிக்குள்ளும் டிசம்பர் தேர்வுக்குரியவற்றைச் செப்டம்பர் இறுதிக்குள்ளும் எழுதி அனுப்ப வேண்டியிருந்தது. தமிழ்நாட்டு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவருக்கு இந்த நான்கு மாதங்களும் என்னவென்று சொல்லத் தேவையில்லை: மார்ச்சில் பொதுத்தேர்வு, ஜூனில் பள்ளித் திறப்பும் சேர்க்கையும், செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு. மூச்சுவிட நேரமில்லாத அதே வாரங்களில்தான் படிப்பும் தன் பங்கைக் கேட்கும் என்பதை நான் சேர்ந்த பிறகே உணர்ந்தேன். முதல் செப்டம்பரில் ஓர் ஒப்படைப்பை அனுப்பத் தவறினேன். அது முற்றிலும் என் கவனக்குறைவு.

அடுத்தது மணிக்கணக்கு. அந்தப் பல்கலைக்கழகத்தின் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேர உழைப்பு. ஆறு கிரெடிட் கொண்ட ஒரு தாளுக்கு 180 மணி நேரம். 30 கிரெடிட் கொண்ட ஒரு பட்டயத்துக்கு 900 மணி நேரம். ஓராண்டில் முடிப்பதென்றால் ஞாயிறும் பண்டிகையும் பாராமல் தினம் இரண்டரை மணி நேரம் வேண்டும். இரண்டாண்டில் முடிப்பதென்றால் தினம் ஒன்றேகால் மணி நேரம். 2019ஆம் ஆண்டு இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டார்கள். பள்ளி, பேருந்துப் பயணம், திருத்த வேண்டிய நோட்டுகள், அதற்கு மேல் ஐந்து மணி நேரத்துக்கு நெருக்கமான இந்த வீட்டு வேலை ஆகிய எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், படிப்புக்குரிய நேரம் அந்த நாளுக்குள் இல்லவே இல்லை என்பது தெரியும். இல்லாத நேரத்தை நிர்வகிக்கச் சொல்லிப் பயிற்சி கொடுப்பதில் பொருளில்லை. ஆகவே 'நேர மேலாண்மை' என்ற சொல்லை நான் இந்த விஷயத்தில் பயன்படுத்துவதை விட்டுவிட்டேன். செய்யக்கூடியது ஒன்றுதான்: சுமையில் ஒரு பகுதியை வேறொருவர் கைக்கு உண்மையாகவே மாற்றுவது. அந்த 'உண்மையாகவே' என்பதில்தான் நானும் என் தோழிகள் பலரும் தடுமாறினோம்.

2018 மார்ச்சில் ஓர் இரவு பத்தரை மணிக்கு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பகிர்ந்தளிக்கப்பட்ட தலைமை என்ற தலைப்பில் விடை எழுதிக்கொண்டிருந்தேன். என் கணவர் வேலைக்குச் சுணங்குகிறவர் அல்லர்; நான் படிக்கத் தொடங்கிய நாள்முதல் காய் நறுக்குவது, பாத்திரம் துலக்குவது எல்லாம் அவர் கையில்தான் இருந்தது. அன்றும் அடுக்களையை ஒழித்துப் போட்டுவிட்டு வாசற்படியில் நின்று கேட்டார்: "நாளைக்குப் பாப்பாவுக்கு என்ன கட்டணும்? உளுந்து எவ்வளவு ஊறப்போடட்டும்? அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை இருக்கா?" ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். சொல்லிவிட்டுக் குனிந்தால், பாதியில் நின்ற வாக்கியம் எங்கே போய்க்கொண்டிருந்தது என்பது மறந்துபோயிருந்தது. அப்போதுதான் ஒன்று உறைத்தது: வேலை அவரிடம் போயிருக்கிறது, நினைவு என்னிடமே இருக்கிறது. உளுந்து தீரும் நாள், மாத்திரை தீரும் நாள், மகளின் கட்டணக் கெடு ஆகிய மூன்றும் என் தலைக்குள்தான் ஓடிக்கொண்டிருந்தன.

அதற்கடுத்த வாரம் இருவரும் உட்கார்ந்து பேசி, புதனையும் வியாழனையும் முழுமையாக அவர் பொறுப்பில் விட்டோம். அத்தையின் மருந்தும் மருத்துவமனை நாளும் நிரந்தரமாகவே அவர் பொறுப்பாயின. அந்த இரண்டு நாள்களில் என்னிடம் எதையும் கேட்பதில்லை, நானாகவும் எதையும் சொல்வதில்லை என்பது உடன்பாடு. இரண்டாவது புதனன்று நான் பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோது, நான்காம் வகுப்பில் படித்த மகளுக்கு அன்று விளையாட்டு வகுப்புக்கான வெள்ளைச் சீருடை என்பது நினைவுக்கு வந்தது. கை தானாகப் போனை எடுத்தது. மணி ஏழு ஐம்பது. சொன்னால் மாற்றிவிட நேரம் இருந்தது. ஆயினும் சொல்லவில்லை. மாலையில், வரிசையில் தான் மட்டும் வேறு உடையில் நின்றதாகச் சொல்லி மகள் அழுதாள். பெரியவர்களின் பாடத்துக்குக் குழந்தை விலை கொடுக்கலாமா என்ற கேள்வி இன்றும் என்னை உறுத்துகிறது. அன்று நான் போன் செய்திருந்தாலும் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றிரவே என் கணவர் இரண்டு பிள்ளைகளின் சீருடை அட்டவணையையும் தம் கையெழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். அதற்குப் பிறகு புதன், வியாழன் இரவுகள் எனக்குக் கிடைத்தன. இரண்டு இரவுகளிலும் மூன்று மூன்று மணி நேரம், இடையில் எந்தக் கேள்வியும் இல்லாமல்.

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் ஸ்பில்லேன், பகிர்ந்தளிக்கப்பட்ட தலைமை என்பது வேலைகளைப் பிரித்துக் கொடுப்பதாக முடிந்துவிடுவதில்லை, தலைவர்களும் உடன் இருப்பவர்களும் சூழலும் ஒன்றோடொன்று கொள்ளும் உறவில் தலைமை உருவாகிறது என்று விளக்குகிறார். ஒப்படைப்பில் இதை நான் அழகாக எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். அதன் பொருள் புரிந்தது வீட்டில்தான். பின்னர்த் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்றபோது, அதே பிழையைப் பள்ளியில் நானே செய்வதைக் கண்டேன்: தேர்வுப் பணிகளை ஒரு மூத்த ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு, வினாத்தாள் எண்ணிக்கை முதல் அறை ஒதுக்கீடு வரை ஒவ்வொன்றையும் அவர் என்னிடம் வந்து கேட்கும்படி வைத்திருந்தேன். "முடிவு உங்களுடையது சார், முடித்தபின் எனக்குத் தெரிவித்தால் போதும்" என்று சொல்ல எனக்கு ஓராண்டு பிடித்தது. அதற்குப் பிறகுதான் வகுப்பறைகளுக்குள் போய் உட்கார எனக்கு நேரம் கிடைத்தது.

வகுப்பறையைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டில் பகிர முடியாதவர்கள் தங்களை அறியாமல் வகுப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். மாணவருக்குக் கணக்கு கொடுத்துவிட்டு மேசையில் ஒப்படைப்பு எழுதுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை, ஆனால் அதை ஏற்கவும் முடியாது, ஏனெனில் நாற்பது பிள்ளைகளின் பாடவேளை நாம் கடன் வாங்கக்கூடிய பொருளன்று. அதற்கு மாற்றாக, படிப்புக்காகச் செய்யும் ஆய்வின் தலைப்பைத் தங்கள் பள்ளியிலிருந்தே எடுக்குமாறு சொல்வேன். என் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் திங்கட்கிழமைகளில் வருகை குறைவதை நான் முன்பே கவனித்திருந்தேன். எப்படியும் விசாரிக்க வேண்டிய அதையே ஆய்வாக எடுத்தேன். தலைமையாசிரியரின் எழுத்துபூர்வ இசைவும் பெற்றோரின் சம்மதமும் பெற்று, எந்தக் குழந்தையின் பெயரும் அறிக்கையில் வராமல் பார்த்துக்கொண்டேன். வீடுகளுக்குப் போய்ப் பேசியதில், ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகும் பிள்ளைகள் சிலர் இருப்பது தெரியவந்தது. பட்டயத்தைவிட அந்தத் தகவல் எனக்குப் பெரிதாக இருந்தது.

அலுவலக விஷயங்கள் இரண்டு. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் உயர்கல்வியில் சேரும் முன் துறையின் முன் அனுமதியை உரிய வழியில் பெற்றுவிட வேண்டும். சேர்ந்துவிட்டுப் பின்னேற்புக்கு, அதாவது சேர்ந்த பிறகு பெறும் அனுமதிக்கு, அலைந்தவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரிந்ததே. மற்றொன்று, உயர்கல்விக்கான ஊக்க ஊதிய உயர்வை 2020 மார்ச்சில் தமிழ்நாடு அரசு ரத்து செய்துவிட்டதால், பழைய கணக்கை மனத்தில் வைத்துச் சேர வேண்டாம்.

பிறகு எதற்காகப் படிப்பது என்று கேட்கிறார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விவியன் ராபின்சன் தம் குழுவினருடன் 2008இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், பள்ளித் தலைமையின் ஐந்து வகைச் செயல்பாடுகளை ஒப்பிட்டார்; ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவித்துத் தாமும் அதில் பங்குகொள்வதுதான் மாணவர் அடைவில் மிகுதியான விளைவைக் காட்டியது. தலைமையாசிரியர் கற்பவராக உட்கார்ந்திருக்கும் பள்ளியில் பிள்ளைகள் கூடுதலாகக் கற்கிறார்கள் என்றால், அதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

பகிர்வதற்கு வீட்டில் ஆளே இல்லாத ஆசிரியைகளும் இருக்கிறார்கள்: தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள், படுக்கையில் இருக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்கள். அவர்களிடம் புதனையும் வியாழனையும் பற்றிப் பேசுவது கொடுமை. படிப்புக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் அதிகபட்சக் காலம் முழுவதையும் எடுத்துக்கொண்டு, பருவத்துக்கு ஒரு தாள் மட்டும் எழுதுங்கள் என்றுதான் அவர்களிடம் சொல்வேன். மீதியைப் பள்ளி செய்ய வேண்டும். என் பள்ளியில் அப்படி ஒரு ஆசிரியை இப்போது படிக்கிறார். இவ்வாண்டு அரையாண்டுத் தேர்வுக்கான அறைக் கண்காணிப்புப் பட்டியல் போடுவதற்கு முன், தேர்வுப் பொறுப்பாளர் அவருடைய டிசம்பர் தேர்வுத் தேதிகளைக் கேட்டு வாங்கிப் பட்டியலின் மேல் ஓரத்தில் சிவப்பு மையால் குறித்து வைத்திருந்தார். அப்படிச் செய்யும்படி நான் அந்தப் பொறுப்பாளரிடம் சொல்லியிருக்கவில்லை.