கொலை, தற்கொலை, சந்தேக மரணம்: தமிழ்நாட்டுக் கணக்கை அரசுத் தரவில் படிப்பது எப்படி?

தமிழ்நாட்டில் ஓர் ஆண்டில் எத்தனை பேர் வன்முறையால் இறந்தார்கள்? இதற்கு ஒரே எண்ணாக எந்த இணையதளமும் பதில் சொல்லாது. போலீஸ் எந்தப் பிரிவில் வழக்கு எழுதியதோ, அந்தப் பிரிவுக்குரிய அட்டவணைக்குத்தான் அந்த மரணம் போகும். தரவைப் படிக்க இந்த ஒன்று புரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

முதலில் போக வேண்டிய இடம் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் (என்.சி.ஆர்.பி.) இணையதளம். அங்கே இரண்டு ஆண்டறிக்கைகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கொலை, வரதட்சணை மரணம் போன்றவை குற்ற அறிக்கையில் இருக்கும். தற்கொலைக்கும் விபத்துச் சாவுக்கும் தனி அறிக்கை. செய்திகளில் அதிகம் அடிபடுவது முதல் அறிக்கைதான். ஆனால் 2022-இல் நாடு முழுக்கப் பதிவான கொலை வழக்குகள் 28,522; தற்கொலைகள் 1,70,924. கிட்டத்தட்ட ஆறு மடங்கு!

சரி, கொலை அட்டவணையைத் திறந்துவிட்டீர்கள். வழக்குகளின் எண்ணிக்கையும் பலியானவர்களின் எண்ணிக்கையும் தனித்தனிக் கட்டங்களில் இருக்கும். ஒரே வீட்டில் ஐந்து பேரைக் கொன்றிருந்தாலும் ஒரே எஃப்.ஐ.ஆர். என்றால் வழக்கு ஒன்றுதான், பலி ஐந்து. மரணங்களை எண்ணுகிறவர் இரண்டாவது கட்டத்தைப் பார்க்க வேண்டும்.

கொலை என்ற வரிக்கு வெளியிலும் கொல்லப்பட்டவர்கள் இருக்கிறார்கள். வரதட்சணை மரணம் தனி வரி. கொலைக் குற்றமாகாத மரணம் விளைவித்தல் தனி வரி. கொள்ளையடிக்கும்போது நடந்த கொலை, பாலியல் வன்கொடுமையுடன் நடந்த கொலை ஆகியவற்றுக்கும் தனி இடம் உண்டு. போலீஸ் காவலில் இறந்தவர்களுக்கு வேறு அட்டவணை. சிறையில் இறந்தவர்களுக்கோ சிறைப் புள்ளிவிவரம் என்று இன்னோர் அறிக்கையே இருக்கிறது. கேள்வி என்ன என்று முடிவுசெய்துவிட்டு, அதற்குத் தேவையான வரிகளை மட்டும் கூட்டுங்கள்.

அப்புறம், நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த '174 கேஸ்'. காரணம் தெரியாமல் யாராவது இறந்தால் போலீஸ் முதலில் சந்தேக மரணம் என்றுதான் பதியும். போஸ்ட்மார்ட்டத்திலோ விசாரணையிலோ கொலை என்று தெரிந்தால் பிரிவை மாற்றுவார்கள். மாற்றாமல் விட்டால் அந்த மரணம் கொலைக் கணக்குக்கு வராது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவு, புதிய சட்டத்தில் 194. அதேபோல தண்டனைச் சட்டத்தில் கொலைக்கான 302 இப்போது 103. வரதட்சணை மரணத்துக்கான 304பி இப்போது 80. புதிய சட்டங்கள் 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தன. ஆகவே அந்த ஆண்டின் கணக்கைப் பழைய ஆண்டுகளோடு ஒப்பிடும்போது இரண்டு எண்களையும் சேர்த்துத் தேடுங்கள்.

ஒப்பீட்டில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். 2022-இல் தமிழ்நாட்டில் 19,834 தற்கொலைகள்; மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். மக்கள்தொகையில் நம்மைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு பெரிய உத்தரப் பிரதேசத்தில் 8,176. உ.பி. மக்கள் அவ்வளவு நிம்மதியாக இருக்கிறார்கள் என்று இதற்கு அர்த்தமா? அப்படிச் சொல்லிவிட முடியாது. எவ்வளவு பதிவாகிறது என்பதும் இந்த எண்ணுக்குள் கலந்திருக்கிறது. 2010-இல் என்.சி.ஆர்.பி. கணக்கில் 1,34,599 தற்கொலைகள். அதே ஆண்டுக்கு, வீடு வீடாகப் போய் மரணக் காரணம் விசாரித்த ஆய்வு மதிப்பிட்டது சுமார் 1,87,000. அதற்காகத் தமிழ்நாட்டின் எண்ணை 'நாங்கள் ஒழுங்காகப் பதிகிறோம்' என்று தள்ளிவிடவும் கூடாது. ஒரு லட்சம் பேருக்கு 25.9 என்ற நம் விகிதம், தேசிய விகிதமான 12.4-ஐப் போல இரு மடங்குக்கு மேல். (மனம் தளர்ந்திருப்பவர்கள் 14416 என்ற அரசு உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.)

கொலைக்கான காரணம் என்று ஓர் அட்டவணை இருக்கிறது. தகராறு, முன்விரோதம், ஆதாயம், ஆணவக்கொலை என்று பிரித்திருப்பார்கள். அங்கே இருப்பது விசாரித்த போலீஸ் எழுதிய காரணம். சாதி மாறிக் கல்யாணம் செய்த பெண்ணைக் கொன்றதைக் 'குடும்பத் தகராறு' என்று எழுதினால் அது தகராறுக் கணக்குக்குத்தான் போகும். என் பார்வையில், என்.சி.ஆர்.பி. அட்டவணைகளிலேயே மிகக் குறைவாக நம்ப வேண்டியது இதுதான்.

மாவட்டக் கணக்கு தேடுவோருக்கு ஒரு எச்சரிக்கை. போலீஸ் மாவட்டமும் வருவாய் மாவட்டமும் ஒன்றல்ல. ஆவடி, தாம்பரம் ஆணையரகங்கள் 2022-இல் வந்த பிறகு சென்னையின் எல்லையே மாறிவிட்டது. ரயில்வே போலீஸ் கணக்கும் தனி.

மருத்துவர் சான்றளித்த மரணக் காரணங்களை இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் தனியாக வெளியிடுகிறது. போலீஸ் கணக்கைச் சரிபார்க்க அது உதவும் என்று தோன்றும். ஆனால் 2020-இல் நாட்டில் பதிவான மரணங்களில் 22.5 சதவீதத்துக்குத்தான் அந்தச் சான்று இருந்தது.

தனி ஒரு வழக்கைப் பார்க்க வேண்டுமா? உச்ச நீதிமன்றத்தின் 2016 தீர்ப்புப்படி எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். பாலியல் குற்றம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. தமிழ்நாடு காவல்துறையின் இணைய சேவைப் பக்கத்தில் தேடலாம். அறிக்கைகளில் இல்லாத எண்ணுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது: கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். 'வன்முறை மரணங்கள் எத்தனை' என்று பொதுவாகக் கேட்டால் அப்படியொரு தலைப்பே எங்களிடம் இல்லை என்று பதில் வர வாய்ப்பு அதிகம். சட்டப் பிரிவு, ஆண்டு, காவல் எல்லை மூன்றையும் குறிப்பிட்டு, சந்தேக மரணமாகப் பதிந்து பிறகு கொலையாக மாற்றிய வழக்குகள் எத்தனை என்றும் சேர்த்துக் கேளுங்கள்.